ஒரே ஸ்கோப் வேட்டைக்கும் 600 மீட்டர் குறிக்கும் தாங்குமா?

வேங்கைமரம்:

வணக்கம். என்னிடம் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் இருக்கிறது. சீசனில் அனுமதியோடு மான், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவேன். பெரும்பாலும் விடியற்காலை, இல்லையென்றால் பொழுது சாயும் நேரம். 200 மீட்டரைத் தாண்டிச் சுடுவது அபூர்வம். மற்ற நாட்களில் அதே ரைபிளை வைத்து ரேஞ்சில் 600 மீட்டர் வரை பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அதில் மாட்டியிருக்கும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 4-16×44, அதாவது 4 முதல் 16 மடங்கு உருப்பெருக்கம், 44 மி.மீ. முன்கண்ணாடி. டரட்டின் (குறியை நகர்த்தும் திருகுக் குமிழ்) ஒரு கிளிக் கால் எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்). 100 மீட்டரில் ஜீரோ செய்து (குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி அமைத்து) வைத்தால் அங்கே நன்றாகத்தான் அடிக்கிறது. ஆனால் 500க்கு டரட்டை ஏற்றிச் சுட்டுவிட்டு மறுபடியும் ஜீரோவுக்கு இறக்கினால் தோட்டா பழைய இடத்துக்கு வருவதில்லை, நான்கு விரல் அகலம் மேலே விழுகிறது, சில நாள் ஒழுங்காகவும் வருகிறது, அதுதான் இன்னும் குழப்பம். இப்படி ஒரு ஸ்கோப்பை நம்பி ஒரு உயிரைக் குறிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

புதிது வாங்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 6-24×50க்குக் குறைந்து வாங்காதே என்கிறார் ஒருவர். எஃப்எஃப்பிதான் (உருப்பெருக்கத்தோடு குறுக்குக்கோடும் வளரும் வகை) என்கிறார் இன்னொருவர். 34 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் அதிகம் என்கிறார்கள். கோண அளவு மில்லா, எம்ஓஏவா என்பது வேறு தனிச் சண்டை. இதில் எதை முதலில் பார்ப்பது? நம்பகமானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நெடுங்குறி:

தம்பி, புதிது வாங்குவது இருக்கட்டும், முதலில் இப்போது இருப்பதைச் சோதித்துப் பாருங்கள். ஜீரோ நிற்கவில்லை என்று வரும் புகார்களில் பல ஸ்கோப்பின் தவறே கிடையாது, மவுண்டின் (ஸ்கோப்பை ரைபிளில் பிடித்திருக்கும் ரிங், பேஸ்) தவறு. ஸ்கோப்பைக் கழற்றி, ரிங்குக்கு அடியில் இருக்கும் பேஸின் திருகுகளைப் பாருங்கள். அவை கண்ணில் படாததால் யாரும் தொடுவதில்லை. அவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து முறுக்குங்கள். ரிங் மூடியின் திருகுகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் அளவு சொல்லியிருப்பார்கள். கைக்குத் தோன்றியபடி இறுக்கினால் அதைவிட எக்கச்சக்கமாகப் போய்விடும், குழாய் நசுங்கும், உள்ளே நகர வேண்டியது நகராமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் கோளாறு அதனாலேயே வரலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஸ்கோப் தேர்வு பாதி முடிந்த மாதிரி. வெளிக் குழாய்க்குள் எரெக்டர் என்று இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. டரட்டைத் திருகினால் ஒரு திருகாணி அதை ஒரு பக்கமிருந்து தள்ளும், எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு திசையில் திருகாணி வேலை செய்கிறது, எதிர்த்திசையில் ஸ்பிரிங்தான் வேலை செய்ய வேண்டும். அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலோ எரெக்டர் எங்காவது உரசினாலோ டரட்டில் எண் மாறும், குறுக்குக்கோடு மாறாது. அடுத்த தோட்டாவின் உதையில் அது விழுந்து உட்காரும், அல்லது உட்காராது. சில நாள் சரி, சில நாள் தப்பு என்பதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான்.

சுடாமலே சோதிக்கலாம். சரியாக 100 மீட்டர் அளந்து, கஜம் இல்லை, மீட்டர், ஒரு நீளமான அளவுகோலைத் தூக்குக்குண்டு வைத்து நேர்செங்குத்தாக நிறுத்துங்கள். ரைபிளிலிருந்து தோட்டா எல்லாம் எடுத்து, போல்ட்டைக் கழற்றி, அசையாத பிடியில் இறுக்கி வையுங்கள். குறுக்குக்கோட்டை அளவுகோலின் மேல் முனையில் வைத்து டரட்டை 30 எம்ஓஏ ஏற்றுங்கள். ரைபிள் அசையாமல் இருப்பதால் கோடு கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ 2.91 செ.மீ., ஆகவே 87.3 செ.மீ. இறங்க வேண்டும். அப்புறம் ஜீரோவுக்குத் திருப்புங்கள். ஆரம்பித்த அதே கோட்டில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். இதையே பல தடவை செய்யுங்கள். எண்ணை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.

காடோடி:

நெடுங்குறி சொன்னது சரிதான், ஆனால் அவர் ரேஞ்ச் ஆள். நான் வேட்டை பக்கத்திலிருந்து சொல்கிறேன். 6-24×50 எல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

பன்றி புதரிலிருந்து 40 மீட்டரில் வெளியே வரும்போது 6 மடங்கில் ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் தெரிவது ரோமம் மட்டும்தான், தோளா தொடையா என்று தேடுவதற்குள் அது போய்விடும். குறைந்தபட்ச உருப்பெருக்கம் 3க்குள் இருக்க வேண்டும், 2.5 என்றால் இன்னும் நல்லது. எல்லோரும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். வேட்டையில் நமக்குக் கைகொடுப்பது சின்ன எண்.

அடுத்தது வெளிச்சம். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மி.மீ. கண்ணாடியில் 8 மடங்கு வைத்தால் 6.25 மி.மீ., அதையே 24 மடங்குக்கு ஏற்றினால் 2.1 மி.மீ. இருட்டில் இளவயதுக்காரர் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அது 5, 4 என்று சுருங்கும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகு 24 மடங்கு என்பது சும்மா சுமந்து திரியும் எடை. 34 மி.மீ. குழாய் வெளிச்சத்தைக் கூட்டாது. எரெக்டர் நகர அதிக இடம் தரும், அதனால் டரட்டில் கூடுதல் ஏற்ற இறக்கம் கிடைக்கும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைத் தீர்மானிப்பது கண்ணாடியின் மேல் உள்ள பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பன்னிரண்டு பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி வழியிலேயே போய்விட்டது என்று அர்த்தம். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளித் தடுப்புப் பூச்சுதான் இதை மாற்றியது. இன்று எல்லா ஸ்கோப்பிலும் பூச்சு இருக்கிறது, எல்லாப் பரப்பிலும் பல அடுக்காக இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். கடையின் பளிச்சென்ற விளக்கில் இது தெரியவே தெரியாது, எல்லாமே அழகாக இருக்கும். சாயங்காலம் வெளியே கொண்டுபோய், மரநிழலுக்கு அடியில் இருக்கும் கருப்பைப் பாருங்கள். பக்கத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, மட்டமான கண்ணாடி அப்போது பால் ஊற்றியது போல வெளுத்துவிடும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி 9 செ.மீ.யாவது இருக்கட்டும். மேட்டைப் பார்த்துப் படுத்துச் சுடும்போது புருவம் கிழிவது இது குறைவாக இருப்பதால்தான்.

வேங்கைமரம்:

இருவருக்கும் நன்றி. நெடுங்குறி அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பேஸ் திருகு எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. ரிங்கைத் தளர்த்தி, சொன்ன அளவுக்கு மறுபடி முறுக்கிவிட்டுத்தான் சோதித்தேன். 30 எம்ஓஏ ஏற்றினால் கோடு 84 செ.மீ. தான் இறங்குகிறது. ஜீரோவுக்குத் திருப்பினால் தொடங்கிய இடத்துக்கு 6 செ.மீ. கீழேயே நின்றுவிடுகிறது. டரட்டின் தலையில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினேன், கண்முன்னாலேயே கோடு ஊர்ந்து மேலே போனது! அடுத்த தடவை 2 செ.மீ. கீழே நின்றது.

நெடுங்குறி:

அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், எரெக்டர் ஒட்டுகிறது. கோடு கீழே தங்கினால் தோட்டா மேலே போகும், நீங்கள் ரேஞ்சில் பார்த்ததும் அதுதான். தயாரிப்பாளருக்கு அனுப்பிப் பாருங்கள், உத்தரவாதம் இருந்தால் மாற்றித் தருவார்கள்.

இதில் இரண்டு கோளாறு இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. 87.3க்குப் பதில் 84 என்பது ஏறக்குறைய 4 சதவீதக் குறைவு. அது எப்போதும் மாறாமல் அதே 4 சதவீதமாக இருந்தால் தோட்டாவின் போக்கைக் கணக்கிடும் பாலிஸ்டிக் கால்குலேட்டரில் ஒரு எண்ணைப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம், நல்ல ஸ்கோப்பிலும் ஒரு சதவீதம் முன்னேபின்னே இருக்கும். ஜீரோவுக்குத் திரும்பி வராததுதான் தீராத நோய். ஒரு தடவை 6, ஒரு தடவை 2 என்றால் எந்தக் கணக்கும் அதைத் திருத்தாது. என்னைக் கேட்டால் நம்பகம் என்பதே இதுதான்: ஏற்றிய அளவு நகர வேண்டும், இறக்கினால் அதே இடத்துக்கு வர வேண்டும், உதை வாங்கினாலும் வண்டியில் குலுங்கினாலும் அங்கேயே இருக்க வேண்டும். கண்ணாடி கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் இந்த மூன்றும் இருந்தால் மானை அடித்துவிடலாம், உலகத்திலேயே சிறந்த கண்ணாடி இருந்து இது இல்லையென்றால் முடியாது. காடோடி இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார் என்று தெரியும்.

காடோடி:

இதில் ஒத்துப்போகிறேன். வேட்டைக்குப் போகும் முன் குளிர்ந்த குழலில் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பேன், மூன்றாவது தோட்டாவுக்கு மான் காத்திருக்காது.

பனிமூட்டம்:

தாமதமாக வருகிறேன். எஃப்எஃப்பி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எஃப்எஃப்பியில் உருப்பெருக்கத்தோடு ரெட்டிகிளும் (குறுக்குக்கோடும் அதிலுள்ள அளவுக்கோடுகளும்) சேர்ந்து வளரும், ஆகவே அதிலுள்ள அளவுகள் எந்த உருப்பெருக்கத்திலும் உண்மை. இன்னொரு வகையான எஸ்எஃப்பியில் ரெட்டிகிள் அப்படியே இருக்கும். அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 20 மடங்கில் 2 மில் காட்டும் கோடு 10 மடங்கில் 4 மில். அவசரத்தில் இதை மறந்தால் குறி முழுசாகத் தப்பும். அதே நேரம், எஃப்எஃப்பியைக் குறைந்த மடங்கில் வைத்தால் ரெட்டிகிள் நூலிழையாகிவிடும், மங்கலில் புதருக்கு எதிரே தேடினாலும் கிடைக்காது. அதனால் இரண்டு வேலைக்கும் ஒரே ஸ்கோப் என்றால் எஃப்எஃப்பி வாங்கி, நடுவில் சின்னதாக எரியும் விளக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விளக்கை மிகமிகக் குறைத்து வைக்க முடிய வேண்டும். இருட்டில் பளிச்சென்று எரிந்தால் கண் கூசி மானே மறைந்துவிடும்.

மில், எம்ஓஏ இரண்டில் எதுவானாலும் சரிதான், டரட்டும் ரெட்டிகிளும் ஒரே அளவில் இருந்தால் போதும். மீட்டரில் யோசிப்பவருக்கு மில் சுலபம், 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் சரியாக 1 செ.மீ. உங்களோடு ரேஞ்சில் குறி பார்த்துச் சொல்பவர் எதில் சொல்கிறாரோ அதை வாங்குங்கள்.

பக்கவாட்டில் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் கோடும் குறியின்மேல் நகர்வது போலத் தெரியும் பிசகு) குமிழ் இருப்பது உங்களுக்குத் தேவை. 100 மீட்டருக்கு நிலையாக அமைத்த 40 மி.மீ. ஸ்கோப்பில், கண் ஓரமாகப் போனால் 300 மீட்டரில் 4 செ.மீ. வரைதான் பிசகும், வேட்டைக்கு அது ஒன்றுமில்லை. 600இல் அது 10 செ.மீ. ஆகும். குமிழில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், தலையை லேசாக அசைத்து, கோடு குறியின்மேல் நகராமல் நிற்கும் வரை திருகுங்கள்.

வகை என்று கேட்டால் 2.5-10, 3-12, 3-15, 3-18, இதற்குள் எதுவும் சரி. நைட்ஃபோர்ஸ், ஷ்மிட் அண்ட் பெண்டர், காலெஸ் இவற்றின் டரட்டுகளுக்கு நல்ல பெயர். லூபோல்ட் மார்க் 5ஹெச்டி 3.6-18×44 எடை குறைவு, ஆனால் குழாய் 35 மி.மீ., அதற்கான ரிங்கைத் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். கையிருப்பு குறைவென்றால் எஸ்டபிள்யூஎஃப்ஏவின் 3-9×42 பாருங்கள், பார்க்கச் சாதாரணமாக இருக்கும், டரட் சொன்னபடி கேட்கும். எதை வாங்கினாலும் நெடுங்குறி சொன்ன அளவுகோல் சோதனையை அன்றைக்கே செய்துவிடுங்கள், எந்தப் பெயருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள், திருப்பித் தரும் கெடு இருக்கும்போதே தெரிந்துவிடும்.

வேங்கைமரம்:

3-15 அல்லது 3-18இல் எஃப்எஃப்பி, மில், விளக்கோடு என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று. 20 எம்ஓஏ சாய்வு ரெயில் (ஸ்கோப்பின் முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கும் பேஸ்) போட வேண்டுமா? மாட்டும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?

நெடுங்குறி:

600 மீட்டர்தான் எல்லை என்றால் வேண்டாம். 100இல் ஜீரோ செய்த .308க்கு 600இல் ஏறக்குறைய 16, 17 எம்ஓஏ ஏற்ற வேண்டியிருக்கும். மொத்தம் 60 எம்ஓஏ நகரும் ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே 30 இருக்கும், தாராளம். 1000 மீட்டர் ஆசை வந்தால் 40ஐத் தாண்டிவிடும், அப்போது சாய்வு ரெயில் இல்லாமல் முடியாது.

மாட்டும்போது சாய்வைப் பாருங்கள். ரெட்டிகிளின் செங்குத்துக் கோடு அந்தத் தூக்குக்குண்டு நூலோடு ஒட்டி நிற்க வேண்டும், ரைபிளும் அப்போது மட்டத்தில் இருக்க வேண்டும். 600இல் தோட்டாவின் இறக்கம் 3 மீட்டரை ஒட்டி வரும், நீங்கள் 5 டிகிரி சாய்த்துப் பிடித்தால் அதில் 26 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும், நீங்கள் காற்று என்று நினைத்து பக்கவாட்டு டரட்டைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். ஸ்கோப் குழாயில் மாட்டும் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கிவிடுங்கள். ரிங் திருகுகளை ஒரு பக்கமே முழுசாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், இல்லையென்றால் கடைசித் திருப்பில் ஸ்கோப் சுழன்று நீங்கள் பார்த்து வைத்த மட்டம் போய்விடும்.