மடலாடல்: கோட்டுத் தோளில் தொங்கும் எபோலெட்டுக்கு என்ன சொல்?

அனுப்புநர்: ஊசிநூல், போர்ட்ஸ்மவுத்
பொருள்: எபோலெட் (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். நெப்போலியன் போர்க்காலத்து பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் போட்டது, 1795ஆம் ஆண்டு உடுப்பு விதிப்படி. கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் நிற்பது இந்த ஊரில்தான். அக்டோபர் 21 ட்ரஃபால்கர் நாளில் அந்தக் காலத்து உடுப்போடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. தைப்பதைக் காணொளியாக எடுத்துத் தமிழில் பேசுகிறேன். முதல் பகுதியின் எழுத்து வரிகள் சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும்.

கச்சாத் தையல், லைனிங், கேன்வாஸ், காஜா எல்லாவற்றுக்கும் நம் தையல்கடைச் சொற்களே போதும். தையல் மெஷின் வருவதற்கு முந்தைய உடுப்பு, எல்லாம் கைத்தையல். தேன்மெழுகு தடவிய நூல் என்றால் எல்லாருக்கும் புரிகிறது. தடுக்குகிற இடம் எபோலெட் மட்டும்தான்.

அதற்கு மூன்று உறுப்பு. காலர் ஓரத்திலிருந்து தோள் நுனி வரை ஒரு ஜரிகைப் பட்டி. நுனியில் பிறை வடிவில் ஒரு புடைப்பு. அந்தப் பிறையின் விளிம்பிலிருந்து வரிசையாகத் தொங்கும் பொன்முலாம் கம்பிச் சுருள்கள். கோட்டோடு சேர்த்துத் தைப்பதில்லை, கழற்றி மாட்டலாம். 1795 விதியில் மூன்றாண்டு மூப்புள்ள கேப்டனுக்கு இரண்டு தோளிலும் உண்டு. மூப்புக் குறைந்த கேப்டனுக்கு வலத்தோளில் மட்டும். அவருக்குக் கீழே உள்ள கமாண்டருக்கு இடத்தோளில் மட்டும். லெப்டினன்டுக்கு ஒன்றும் கிடையாது. 1812இல்தான் அவருக்கும் ஒன்று கிடைத்தது. ஆகவே இது அலங்காரம் மட்டுமல்ல, பதவிச் சின்னம். தோள்பட்டி என்று சொன்னால் நம் ஊர்ப் போலீஸ் சட்டையின் துணிப்பட்டிதான் நினைவுக்கு வரும். ஒரு சொல் தாருங்கள்.

*

அனுப்புநர்: நெல்லை வாத்தியார்

அம்மா, தோளணி என்று எடுத்த எடுப்பிலேயே சிலர் சொல்வார்கள். வேண்டாம். தோளணி என்றால் தொடி, வாகுவலயம் முதலான மேற்கை நகைகள். பழைய இலக்கியத்தில் தோள் என்பது மேற்கையையும் சேர்த்துத்தான். வேய்த்தோள் என்று மூங்கிலுக்கு ஒப்பிட்டது தோளின் மூட்டுப் பகுதியையா, கையையா?

சுமை தாங்கும் மேல்தோளுக்கு நம்மிடம் தனிச் சொல் இருக்கிறது: சுவல். "சுவல் அழுந்தப் பல காய" என்பது புறம் 139. மூட்டை சுமந்து சுமந்து தோள் அழுந்திப்போன இளைஞர்களைப் பாடியது. இதில் இன்னொரு நயமும் உண்டு. சுவலுக்குக் குதிரையின் பிடரிமயிர் என்றும் பொருள். பட்டி கிடக்கும் இடமும் சுவல், நுனியில் தொங்குவதும் சுவல்! மேட்டுநிலத்துக்கும் சுவல் என்று பெயர். நீங்கள் சொன்ன புடைப்பும் அதில் அடங்கிவிட்டது. மூன்று உறுப்பும் ஒரே சொல்லில். சுவலணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

அனுப்புநர்: ராயபுரம் டெய்லர்

ஐயா, உங்கள் படிப்புக்கு முன்னால் நான் பேசக்கூடாது. ஆனால் திரையில் 'சுவலணி' என்று ஓடினால் சுவரில் மாட்டுகிற தோரணம் என்றுதான் படிப்பார்கள். சுவரிலா சுவற்றிலா என்ற தகராறே இன்னும் தீரவில்லை.

கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கிற கைகள் இவை. சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் இழை. அவர்கள் வந்து கேட்பது, "தோள்ல குஞ்சம் வெச்சுக் குடுங்க மாஸ்டர்." தோள்குஞ்சம். முடிந்தது வேலை.

*

அனுப்புநர்: வல்வெட்டியான்

குஞ்சம் ஒரு உறுப்புத்தானே, அண்ணை. முழுசுக்கும் அதையே வைக்கலாமோ? பிரெஞ்சுப் படையில் ஒரு தோளில் குஞ்சத்தோடும் மற்றத் தோளில் குஞ்சம் இல்லாமலும் போட்ட அதிகாரிகள் இருந்தார்கள். குஞ்சம் இல்லாததற்கு அவர்கள் கோந்த்ர் எபோலெட் என்று தனிப்பெயர் வைத்தார்கள். அதை 'குஞ்சமில்லாத் தோள்குஞ்சம்' என்று எழுதுவீர்களோ?

வந்த இடத்தில் இன்னொன்று. ஊசிநூல் அக்கா நங்கூரம் பொறித்த பித்தளைப் பித்தான்கள் பற்றிப் போன மாதம் எழுதினா. பித்தான் போர்த்துக்கேயச் சொல். எங்கட பக்கம் தெறி என்போம். அழகான சொல், உங்களுக்கும் இலவசம்.

*

அனுப்புநர்: ராயபுரம் டெய்லர்

தம்பி, கப்பித்தானும் போர்த்துகீசியம், பித்தானும் போர்த்துகீசியம். கப்பித்தான் கோட்டுக்குப் பித்தான்தான் பொருத்தம்.

*

அனுப்புநர்: புதுவைக் குறிப்பேடு

எபோலெட் என்பதற்குப் பிரெஞ்சில் சின்னத் தோள் என்று பொருள். தோளைக் குறிக்கும் எபோல் லத்தீன் ஸ்பாட்டுலாவிலிருந்து வந்தது. அந்த லத்தீன் சொல்தான் ஆங்கிலச் சமையலறையில் தோசைத்திருப்பியாக இருக்கிறது. வேரைப் பிடித்துக்கொண்டே போனால் இங்குதான் வந்து நிற்போம், வாத்தியார் ஐயா.

எனக்கு வேறொரு கேள்வி. துணிக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்? கம்பளி என்று மட்டும் விட்டிருந்தால் மாற்றுங்கள். சகலாத்து என்று ஒரு சொல் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்களில் இந்தக் கரைக்கு வந்து இறங்கிய, வெகுமானமாகக் கொடுத்த அந்த உயர்ந்த கம்பளித் துணியேதான் அது. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியில் எல்லாருக்கும் தெரிந்த சரக்கு. புதிதாகச் சொல் ஆக்க வேண்டாம், தூசு தட்டினால் போதும்.

*

அனுப்புநர்: ஊசிநூல்

ஐயோ, இது தெரியாமல் 'அகன்ற கம்பளி' என்று எழுதி வைத்திருக்கிறேன்! சகலாத்து பிரமாதம். வெறும் கம்பளி என்று சொன்னால் தைப்பவர் ஏமாந்துபோவார். இந்தத் துணியை மிக அகலமாக நெய்து, தண்ணீரில் போட்டு மரச் சம்மட்டியால் அடித்துச் சுருக்குவார்கள். இழைகள் பின்னிக்கொண்டு நெசவே தெரியாமல் போகும். அப்புறம் மேல்மயிரைச் சீவி, கத்தரித்து மட்டமாக்குவார்கள். அதனால் வெட்டிய விளிம்பு பிரியாது. கோட்டின் ஓரத்தை மடிக்காமல் அப்படியே விடலாம். ஓவர்லாக் அடித்தே பழகிய கைக்கு இதை நம்ப முடியவில்லை. அதன் நீலம் அவுரிச் சாயம். அந்த ஆண்டுகளில் வங்காளத்து அவுரிதான் லண்டனுக்கு ஏராளமாகப் போனது.

சரி, எபோலெட்?

*

அனுப்புநர்: நெல்லை வாத்தியார்

சகலாத்து பாரசீக வழி உருதுச் சொல். அதை வரவேற்கும் அவை சுவலை மட்டும் வாசலில் நிறுத்துகிறது. முல்லைப்பாட்டில் "மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து" யவனர் வருகிறார்கள். கோட்டுக்கு மெய்ப்பை என்று அன்றே சொல் இருந்தது. யவனன் கோட்டுக்கே சொல் வைத்திருந்த மொழிக்கு அவன் தோளில் தொங்குவதற்குச் சொல் இல்லையா?

*

அனுப்புநர்: புதுவைக் குறிப்பேடு

மெய்ப்பையில் நெல்சனைப் போட்டு முடிச்சும் போட்டுவிட்டீர்கள், ஐயா. ஜரிகையும் பாரசீகம்தான். அதை எடுத்துவிட்டால் காஞ்சிபுரத்தில் என்ன மிஞ்சும்? வடசொல் வடவெழுத்து ஒரீஇ (வடவெழுத்தை விலக்கி) வருவதைத் தொல்காப்பியரே அனுமதித்திருக்கிறார். பழையன கழிதலும் என்று நன்னூலைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம், தயவுசெய்து.

*

அனுப்புநர்: வல்வெட்டியான்

நெல்சனுக்கே முதலில் இந்தச் சாமான் பிடிக்கவில்லை. 1783இல் பிரான்சில் எபோலெட் போட்டுத் திரிந்த இரண்டு பிரிட்டிஷ் கேப்டன்களைப் பார்த்து மினுக்கர்கள் என்று கடிதத்தில் எழுதினார். அதில் ஒருவர் அலெக்சாண்டர் பால், பின்னாளில் அவருக்கு உயிர்த்தோழர். 1805இல் ட்ரஃபால்கரில் நெல்சனைக் கொன்ற குண்டு துளைத்தது இடத்தோளை, எபோலெட் ஓரமாக. அந்தக் கோட்டு கிரினிச் அருங்காட்சியகத்தில் துளையோடு இருக்கிறது. அந்த எபோலெட்டை எழுதும்போது 'குஞ்சத்தில் குண்டு பட்டது' என்று எழுத எனக்கு மனம் வராது, அக்கா. தோள்குஞ்சம் பேண்டு செட்டுக்குச் சரி. தோள்முடி என்று வையுங்கோவன்.

*

அனுப்புநர்: ராயபுரம் டெய்லர்

தோள்முடி என்றால் தோளில் மயிர் முளைத்திருக்கிறது என்று ஆகும். பனியன் விளம்பரம் போல.

*

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

இழை நீளுகிறது, சனிக்கிழமை நெருங்குகிறது. தனிமடலிலும் இங்கும் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தோள்குஞ்சம் பக்கம். பலர் "ஏதாவது ஒன்று" என்றும் எழுதியிருக்கிறார்கள். அதையும் அந்தப் பக்கமே சேர்த்துவிட்டேன். வல்வெட்டியான் கேட்ட குஞ்சமில்லாத வகைக்கு இப்போதைக்கு 'மொட்டைப் பட்டி'. வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும்.

*

அனுப்புநர்: ஊசிநூல்

எல்லாருக்கும் நன்றி. முழுதுக்கும் தோள்குஞ்சம், உறுப்புகளுக்குப் பட்டி, பிறை, சுருள். முதல் தடவை வரும்போது 'எபோலெட் எனும் தோள்குஞ்சம்' என்று போடுகிறேன். ராயபுரம் அண்ணா, சுருளுக்குத் தங்கக் கம்பி வாங்கக் கட்டுப்படியாகாது. ஆரி வேலைக்கு விற்கும் ஸ்பிரிங் ஜர்தோசி தடிமனாகக் கிடைக்குமா? விலை விசாரித்துச் சொல்ல முடியுமா?

*

அனுப்புநர்: நெல்லை வாத்தியார்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். மேலும், பிறை என்பது தவறு. பிறைக்கு இரண்டு முனையும் கூராக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் முனைகள் பட்டியோடு போய்ச் சேர்ந்து மழுங்கியிருக்கின்றன. அதற்கு இலாடம் என்பதே பொருந்தும். குதிரைச் சுவலுக்குக் குதிரை இலாடம். நாளை விரிவாக எழுதுகிறேன்.