பைலட் தாத்தா பேனரில் சேபர் பூனைக்கும் இடம் வேண்டும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பள்ளி ஆண்டு விழாவுக்குத் தம்பிகள் அனுப்பிய ஃப்ளெக்ஸ் மாதிரியைப் பார்த்தேன். பைலட் தாத்தாவை நினைத்துக்கொண்டதே சந்தோஷம். ஆனால் அவர் தலைக்குப் பின்னால் பறப்பது ரஃபேல் போர் விமானம். அது நம் நாட்டுக்கு வந்தது 2020-இல். தாத்தா 1971 போரில் ஓட்டியது நேட். அதைவிட முக்கியம், "எதிரி விமானங்களை வீழ்த்திய வீரர்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அவர் ஒன்றையும் வீழ்த்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொன்ன விஷயம்தான் இது.

நேட் என்றால் சின்ன விமானம். இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட இல்லை; நீளத்தில் நம் கணியம்பாடி டவுன் பஸ் அதைவிடப் பெரிசு. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் கட்டினார்கள். வானத்தில் கண்ணுக்குச் சிக்காது, சட்டென்று திரும்பும். ஆனால் பீரங்கி அடிக்கடி மக்கர் பண்ணும், கட்டுப்பாட்டுக் கருவிகளும் கழுத்தறுக்கும். போரே இல்லாத நாளிலும் அதில் பறந்து உயிரை விட்டவர்கள் உண்டு. தாத்தா சிநேகிதர்களைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தான் பேசுவார்.

1971 நவம்பர் 22-ஆம் தேதி, போர் முறைப்படி தொடங்குவதற்கு முன்பே, அன்றைய கிழக்கு பாகிஸ்தான் எல்லையில் பொய்ரா பக்கம் நான்கு நேட்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதின. இரண்டு சேபர் விழுந்தது. நம் ஆட்களில் மேசி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா விருது. சண்டை என்னவோ சில நிமிஷம்தான். தாத்தா அந்தக் கூட்டத்தில் இல்லை. வேறொரு தளத்தில் ஓடுபாதை ஓரமாகப் பெல்ட் மாட்டிக்கொண்டு விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். உத்தரவு வந்தால் உடனே கிளம்ப வேண்டும், வராவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். "யுத்தம்னா என்னான்ற? காத்துக்கினு கெடக்கறதுதான்" என்பார்.

அந்தக் காத்திருப்பில் கூட இருந்தது ஒரு பூனை. எங்கிருந்து வந்ததோ தெரியாது, மெக்கானிக்குகள் சப்பாத்தியும் பாலும் போட்டு வளர்த்தது. இறக்கை நிழலில் படுத்துக் கிடக்கும். என்ஜின் ஊளையிட ஆரம்பித்தால் ஒரே ஓட்டம். விமானம் திரும்பி வந்து சத்தம் அடங்கியதும் மறுபடி அதே இடம். பின்னாலிருந்து பாய்ந்து காலைப் பிடிக்கும் என்பதால் தாத்தா அதற்குச் சேபர் என்று பெயர் வைத்தாராம். எதிரி விமானத்தின் பெயரையா என்று மேலதிகாரி முறைத்ததைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்குச் சிரிப்பு தாங்காது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு வளர்த்த பூனைகளுக்கும் அதே பெயர்தான். நம் பாட்டிமார் வாயில் அது 'சாம்பார்' ஆகிவிட்டது. வேலூர் வெயிலுக்குத் தாத்தா வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருக்க, சாம்பார் அவர் வயிற்றின்மேல் படுத்திருந்ததைப் பார்க்காதவர் இந்தக் குழுவில் யாராவது உண்டா? மார்க்கெட்டுக்குப் போனால் மறக்காமல் நெத்திலி வாங்கி வருவார், தான் சுத்த சைவமாக இருந்தும்.

கம்மவான்பேட்டை பக்கத்தில் இருந்துகொண்டு பட்டாளத்துக்காரர் கதைக்கு நமக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு ஜவான்தான். பிள்ளைகள் வீரக் கதை கேட்டே வளர்கிறார்கள். சுடாத பைலட்டைப் பற்றியும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டுமே. வானத்தில் ரோந்து போய்விட்டு ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவதும் வேலைதான். அவர்கள் மேலே இருந்ததால்தான் கீழே பலர் தூங்கினார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். தாத்தா சீருடையில் பூனையைத் தூக்கிக்கொண்டு நேட்டுக்கு முன்னால் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது அது யார் கைக்குப் போனது? மேலத்தெரு அக்காமார் யாரிடமாவது இருந்தால் செல்லில் படம் எடுத்து அனுப்புங்கள், கண்ணாடியில் வெளிச்சம் படாமல். ரஃபேலை எடுத்துவிட்டு அதைப் போடலாம். கீழே "இந்திய விமானப்படை, 1971, நேட் விமானி" என்று மட்டும் இருந்தால் போதும். பூனையை வெட்டிவிடாதீர்கள். கூடுதல் செலவு ஆனால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.