மரைனர்ஸ் 2024: பிட்சிங் தங்கம், பேட்டிங் தகரம்

சியாட்டிலின் பேஸ்பால் அணி மரைனர்ஸ் பற்றி, புனைபெயர்களில் மூன்று ரசிகர்களின் பேச்சு.

மூணாவது பேஸ்:
2024 ஜூன் 18 அன்று தங்கள் பிரிவில் (ஐந்து அணிகள் கொண்ட குழு) 10 ஆட்ட முன்னிலை. ஒரே மாதத்தில் அத்தனையும் காலி. கடைசியில் 85 வெற்றி. 86 வென்ற டெட்ராய்ட்டும் கேன்சஸ் சிட்டியும் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போய்விட்டன. கர்பி, கில்பர்ட், மில்லர், வூ என்று நாலு நல்ல பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) இருந்தும் இந்த நிலை! அணியின் பேட்டிங் சராசரி (ஹிட், அதாவது பேஸ் போய்ச் சேரும் அடி விழும் விகிதம்) 0.224. ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட்) 1,600-ஐத் தாண்டியது, மேஜர் லீக்கான எம்எல்பி முழுவதிலும் அதுதான் அதிகம்.

ஸ்கோர்கார்டு:
சராசரியை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்அவுட்டைப் பாருங்கள். ரன்னுக்கு முந்தைய கடைசி நிலையான மூன்றாம் பேஸில் ஆள், ஒரு அவுட். பொதுவாக மூன்றில் இரண்டு தடவை அந்த ரன் வந்துவிடும். ஹிட்டே தேவையில்லை. அவுட்ஃபீல்டுக்கு ஆழமாக ஒரு ஃப்ளை (உயரே தூக்கிய அடி) போதும், கேட்ச் ஆனபிறகும் ஆள் ஓடி வந்துவிடலாம். இன்ஃபீல்டர்கள் பின்னால் நின்றால் இரண்டாம் பேஸ் பக்கம் உருட்டிவிட்டாலே போதும். ஸ்ட்ரைக்அவுட் ஆனால் ஆள் நகரவே முடியாது, அவுட்டும் இரண்டாகிவிடும், அடுத்த பேட்டர் ஹிட் அடித்தாக வேண்டும். 0.224 அணியில் அதற்கு வாய்ப்பு நாலில் ஒன்றுகூட இல்லை. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபிறகும் பேட்டைக் கொஞ்சம் மேலே பிடிக்காமல், அதே முழு வீச்சு வீசினால் வேறென்ன நடக்கும்?

வலது ஃபீல்டு:
மைதானத்தையும் கணக்கில் சேருங்கள். அணியின் சொந்த மைதானமான டி-மொபைல் பார்க்கில் ஏப்ரல், மே இரவுக் குளிரில் பந்து பறக்காது. வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகிற அடி இங்கே சுவரோரம் கேட்ச். 2013-இல் சுவரை உள்ளே தள்ளிவைத்தும் ரன் வறட்சி தீரவில்லை. பேட்டிங்கின் ரன் பங்களிப்பை மைதானத்துக்கு ஏற்பச் சரிசெய்து 100-ஐச் சராசரியாக வைக்கும் டபிள்யூஆர்சி பிளஸ் கணக்கில் 2024 அணி 100-க்குக் கீழே போகவில்லை. வீட்டு ஆட்டங்களை மட்டும் பார்த்துத் திட்டினால் ஏமாந்துபோவோம்.

ஸ்கோர்கார்டு:
அது பாதிச் சமாதானம்தான். பந்தைத் தொடும் பேட்டர்கள் வேண்டும் என்று 2023 நவம்பரில், அடிக்கடி ஸ்ட்ரைக்அவுட் ஆன சுவாரெஸை அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரைக்அவுட் குறைந்ததா? கூடியது. ஆகஸ்ட் 2024-இல் மேனேஜர் செர்வைஸை நீக்கி, பேட்டிங் பயிற்சிக்கு அணியின் முன்னாள் நட்சத்திர பேட்டர் எட்கர் மார்ட்டினெஸைக் கூப்பிட்டார்கள். நிஜமான மருந்து 2025 ஜூலையில்தான் வந்தது: எளிதில் ஸ்ட்ரைக்அவுட் ஆகாத பேட்டர் நெய்லர். கூடவே அதே சுவாரெஸ்! கேட்சர் ராலி 60 ஹோம் ரன், அணி 90 வெற்றி, பிரிவும் கையில்.

மூணாவது பேஸ்:
ஆனாலும் அந்த வருட பிளேஆஃபில் டொராண்டோவுடன் ஆடிய தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் மூன்றே ரன், 4-3 தோல்வி. முதல் ரன் நெய்லர் சிங்கிளில் வந்தது. மற்ற இரண்டும் பேஸில் யாரும் இல்லாதபோது அடித்த ஹோம் ரன். நெய்லரை ஐந்து வருடத்துக்குக் கட்டிப்போட்டது சரியான வேலை. இன்னும் அதே மாதிரி இரண்டு பேர் வேண்டும்.