கடைக்கு முகமாக நின்ற அனுபவம்: மலைக்காரர்கள் எழுதுங்கள்

பூம்பாறைப் பூண்டுக்காரி:

எங்கள் காணொளியை இங்குள்ளவர்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். தலையில் துண்டைச் சுற்றி, தாத்தாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, புகைக்கொட்டகையில் தொங்கும் பூண்டுக் கட்டைத் தட்டியபடி, "வெள்ளையாகவும் பெரிதாகவும் வேண்டுமென்றால் கீழேயே வாங்கிக்கொள், இவ்வளவு தூரம் ஏறி வராதே" என்று ஒரு பாட்டி அதட்டுவார். அவர் என் மாமியார். அந்த நாற்பது வினாடிதான் எங்கள் வியாபாரம். அதுவரை மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பி, அங்கே சொல்லும் விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த நாங்கள், அதன் பிறகு கிலோ கிலோவாகக் கூரியரில் அனுப்பத் தொடங்கினோம். அத்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. காணொளியை நாங்கள் நீக்கவில்லை. பக்கத்தின் உச்சியில் அது அப்படியே இருக்கிறது.

சென்ற மே மாதம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் இ-பாஸ் எடுத்துக் கொடைக்கானல் வந்து, ஏரியைக்கூடச் சுற்றாமல், வழி கேட்டுக் கேட்டு எங்கள் வாசலில் காரை நிறுத்தியது. அந்த அம்மாள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலை. "பாட்டி எங்கே?" என்றார். நான் வாசல் நிலையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் அத்தையின் படமும், அதன் மேல் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு பல்பும். நிலையை அடைத்தாற்போல ஓர் அடி நகர்ந்து நின்று, "தோட்டத்துக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். "பரவாயில்லை, காத்திருக்கிறோம்" என்றார்கள். மேல் தோட்டம், திரும்ப இருட்டிவிடும் என்று இன்னொன்றும் சொல்ல வேண்டியதாயிற்று. சேலையைக் கொடுத்துவிட்டு, நான்கு கிலோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய சின்னப் பெண் மட்டும் என் இடுப்புக்கு அருகே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் பல்பைப் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குன்னூர் சாக்லேட்:

பூண்டுக்கார அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. இறந்தவரை இருக்கிறார் என்று சொல்லி அனுப்பியது சரியல்ல என்றே எனக்குப் படுகிறது. அவ்வளவு தூரம் சேலையோடு வந்தவர்களை உள்ளே அழைத்துப் படத்தைக் காட்டியிருந்தால், அவர்கள் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, அதே நான்கு கிலோவை வாங்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நம் மலையில் ஹோம்மேட் என்று எழுதி விற்கும் சிறிய கடைகள் பலவற்றின் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காம்பவுண்டுக் கட்டியை வாங்கி உருக்குகிறோம். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங், அதாவது சூட்டை ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்தும் தொல்லை இல்லை. முந்திரி, பாதாம் சேர்த்து அச்சில் ஊற்றிவிடலாம். அதை நான் மறைத்ததில்லை, லேபிளிலும் இருக்கிறது. ஆனால் என் காணொளி ஒவ்வொன்றும் "என் கையால் கிளறியது" என்றுதான் தொடங்கும். கரண்டியைப் பிடித்திருக்கும் கை மெய்யாகவே என்னுடையதுதான், காணொளி எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு.

டிசம்பர் விடுமுறையில் ஒரு சென்னைக்காரம்மா கடைக்குள் வந்தவுடன், "அந்தக் கையைக் காட்டுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே நீட்டினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒன்பது ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் அக்கா அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் இதைப் பார்த்தார். கையிலிருந்த ஜாடியை மெதுவாகக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் ஏப்ரனில் துடைத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. படத்தில் விழுந்து எனக்குக் காரியம் கெடக் கூடாதே என்று ஒதுங்கியதுதான். அந்த மாதமே சம்பளத்தைக் கூட்டினேன், ஆனால் காணொளியின் முதல் வரி இன்னும் மாறவில்லை.

உதகை அச்சகம்:

இங்கே எழுதும் பாதிப் பேருக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவன் நான். என் கதை சிறியது. எங்கள் அச்சகத்தின் இன்ஸ்டாகிராம் கணக்கைச் சித்தப்பா மகன் தன் கைபேசி எண்ணில் தொடங்கிக் கொடுத்தான். ஒரு நிலத் தகராறில் இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தியது. புதிய போனில் நுழைய முயன்றேன். ஓடிபி அவனுக்குப் போனது. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அவன் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கணக்கு உங்கள் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மகன் எண்ணில்கூட வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பை வைத்து, அது தரும் மாற்றுக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி ரேஷன் அட்டையோடு வையுங்கள். வாட்ஸாப் பிசினஸில் கேட்டலாக் போடுங்கள், அதில் விலையைப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று எழுதுகிறவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் பொட்டலத்தில் தெளிவாக இருக்கட்டும். பெயர் பிடித்துவிட்டால் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள்களைப் பிரித்திருக்கும் வகை) 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சாக்லேட் 30ஆம் வகுப்பு, பூண்டு 31ஆம் வகுப்பு. பூண்டுக்கார அம்மாவுக்குத் தனியாக ஒன்று: கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான், ஆனால் அந்த முத்திரையைப் பொட்டலத்தில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமலே என்னிடம் அடிக்கக் கொடுப்பவர்களைத் திருப்பி அனுப்பி நான் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். சாக்லேட் தம்பிக்கு: தவறான விளம்பரம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது, அந்த முதல் வரியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். மற்றபடி முகத்தைக் காட்டத் தயங்காதீர்கள். மனிதர்கள் மனிதர்களிடம்தான் வாங்குகிறார்கள், பொருளிடம் அல்ல.

சேரிங்கிராஸ் துணிக்கடை:

அச்சக அண்ணன் கடைசியாக எழுதியதை நானும் நம்பித்தான் போய் நின்றேன். தோடர் பழங்குடியினரின் பின்னல் வேலைப்பாடு விற்கிறேன். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. எனக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு மூத்த அம்மாவை அவர்கள் குடியிருப்பான மந்தில் போய்ப் பார்த்து, பூத்துக்குளி என்ற பின்னல் போர்வையைப் போர்த்துக்கொண்டு ஒரு காணொளிக்கு உட்காரும்படி கேட்டேன். அவர் மடியில் பாதி பின்னிய வெள்ளைத் துணி இருந்தது. கோடு போடாமல், சட்டம் கட்டாமல், இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக நூலை ஏற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பேசி முடிக்கும்வரை அவர் எண்ணிக்கையை விடவில்லை. முடித்த பிறகு துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, "இதை எடு. என் முகத்தில் என்ன பின்னியிருக்கிறது?" என்றார்.

அந்தப் பின்பக்கத்தைத்தான் எடுத்துப் போட்டேன். என் முகத்தைக் காட்டிப் பேசிய காணொளிகளைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட அதைப் பார்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். அண்ணன் கணக்கில் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் பார்த்தவர்களில் மூன்று பேர் அந்தத் துணியைத்தான் வேண்டும் என்று கேட்டார்கள்.

உதகை அச்சகம்:

மூன்று பேரை வைத்துக்கொண்டு சேரிங்கிராஸில் கடை வாடகை கட்ட முடியுமா, தங்கச்சி?

சேரிங்கிராஸ் துணிக்கடை:

முடியாது. அதனால்தான் என் முகமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பூம்பாறைப் பூண்டுக்காரி:

அச்சகத்து அண்ணனுக்கு நன்றி. பயனாளர் பதிவு பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். குன்னூர்த் தம்பி சொன்னதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் அவர் நினைப்பதுபோல அது விற்பனைக்காகச் சொன்ன பொய் இல்லை. அத்தைக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு யாரும் வந்ததில்லை. அவர் பெற்ற பெண்களும் எடுத்ததில்லை. வந்த ஒரு சேலையையும் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அந்தத் திருப்பூர் அம்மாள் மாதம் தவறாமல் வாங்குகிறார். இந்த முறை இரண்டு கிலோவுக்குப் பணம் போட்டுவிட்டு, முகவரிக்குக் கீழே, "பாட்டி கையால் எடுத்து வைத்தால் போதும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். அத்தையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய், கட்டுகளைத் தட்டிப் பார்த்து எடுத்து வந்து, நேற்று பார்சல் கட்டி அனுப்பினேன்.