புதுப்பிப்பு: ப்யூர் டேட்டாவில் சத்தம் வந்துவிட்டது

பெட்டிகளை இணைத்து ஒலி உருவாக்கும் ப்யூர் டேட்டா மென்பொருளில் 440 ஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் (ஒலியலை எழுப்பும் பெட்டி) போட்டும் சத்தமே இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா, தீர்ந்தது. ஒலிக் கணக்கீட்டை ஓடவைக்கும் டிஎஸ்பி சுவிட்சை நான் ஆன் செய்யவே இல்லை! பதிலில் நீங்கள் சொன்னபடி பெட்டியின் மேல் வலது க்ளிக் செய்து ஹெல்ப் கொடுத்தேன். திறந்தது வெறும் படிக்கிற பக்கம் இல்லை, ஓடுகிற பேட்ச் (பெட்டிகளை இணைத்துச் செய்த நிரல்), எண்ணை மவுஸால் இழுத்தால் சுருதி அங்கேயே ஏறி இறங்குகிறது, அப்புறம் கண்ட்ரோல்-ஈ தட்டித் திருத்தும் நிலைக்கு மாறி வேண்டியதை நகலெடுத்து நம் பேட்சில் ஒட்டிக்கொள்ளலாம். வெற்றிடத்தில் வலது க்ளிக் செய்து ஹெல்ப் கொடுத்தால் பெட்டிகளின் பட்டியலே வருகிறது. என்ன, விளக்கமெல்லாம் ஆங்கிலம். இங்கே மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தம்பி மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிரியோலில் சொல்லித்தருகிறேன். ஹெட்போன் மாட்டுமுன் சத்தம் குறைய சிக்னலை 0.1ஆல் பெருக்கிவிடுங்கள், எனக்கு இன்னும் காது இரைகிறது.