ஏஎம்எச் 7.9ல இருந்து 1.1க்கு வந்துடுச்சு, ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை முறை) தவிர வேற வழியே இல்லையா?

கோத்தகிரி_மலர்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊரு, பேரு சொன்னா யார் வீடுன்னு தெரிஞ்சிடும் அதனால வேண்டாம். எனக்கு வயசு 33, அவருக்கு 37, கல்யாணமாகி நாலு வருசம் ஆச்சு. மாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ஆனா யார் வீட்டு வளைகாப்புக்கு போனாலும் திரும்பி வந்து ரெண்டு நாள் பேச மாட்டாங்க, அது அதைவிட கஷ்டம்.

போன டிசம்பர்ல ஊட்டியில ஒரு லேப்ல ரத்தம் குடுத்தோம், ஏஎம்எச் (முட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற ஹார்மோன்) 7.9ன்னு வந்துச்சு, நெட்ல பார்த்தா அது ரொம்ப நல்ல நம்பர்னு போட்டிருந்துச்சு, சந்தோசமா இருந்தோம். இப்ப மே மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில மறுபடி எடுத்தா 1.1. அஞ்சே மாசத்துல முட்டையெல்லாம் தீந்து போச்சான்னு அன்னைக்கு பஸ்ல மேட்டுப்பாளையம் தாண்டி மேல ஏறுற வரைக்கும் அழுதுட்டே வந்தேன். டாக்டரம்மா அஞ்சு நிமிசம் தான் பார்த்தாங்க, "லேட் பண்ணாதீங்க, ஐவிஎஃப் பண்ணிடலாம்"னு சொல்லி கவுன்சிலர்கிட்ட அனுப்பிட்டாங்க, அவங்க பேக்கேஜ் பேப்பர் குடுத்துட்டாங்க.

மத்த ரிப்போர்ட்: பீரியட்ஸ் மூணாவது நாள் எஃப்எஸ்எச் (முட்டைய வளர்க்கிற ஹார்மோன்) 8.4, எஸ்ட்ராடியால் (பெண் ஹார்மோன்) 38, டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்) 3.9, ஸ்கேன்ல சின்ன முட்டைப்பை வலது பக்கம் 5 இடது பக்கம் 4. டியூப் (கருக்குழாய்) டெஸ்ட்ல வலது ஓப்பன், இடது பக்கம் கர்ப்பப்பைய ஒட்டின இடத்துலயே அடைப்புன்னு எழுதிருக்கு. அவரோட செமன் டெஸ்ட் டிசம்பர்ல ஒரே ஒரு தடவை பண்ணது, கவுண்ட் 11 மில்லியன், முன்னாடி நீந்துறது 22 சதவீதம், மார்ஃபாலஜி (சரியான வடிவத்துல இருக்கிறது) 3 சதவீதம். அவர் டீ ஃபேக்டரியில இலை காய வைக்கிற ட்ரையர் பக்கம் வேலை. இதுல எது பெரிய பிரச்சனை, எது சின்ன பிரச்சனைன்னு யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

சிம்ஸ்பார்க்_அக்கா:
மலரு முதல்ல அழறத நிறுத்துமா. என் ஏஎம்எச் 0.8, அப்ப எனக்கு 36. முட்டை எத்தனை மிச்சம் இருக்குன்னு தான் அது சொல்லும், இருக்கிற முட்டை நல்லதா கெட்டதான்னு சொல்லாது, அதுக்கு வயசு தான் கணக்கு, அதுல நீ என்னைவிட மேல. எனக்கு முதல் தடவை மூணு முட்டை தான் எடுத்தாங்க, நிக்கல. ரெண்டாவது தடவை நின்னுச்சு. அதுக்காக உனக்கும் அப்படியேன்னு சொல்ல வரல.

நான் சொல்ல வந்தது வேற. ஐவிஎஃப்னு முடிவு பண்ணா போக்குவரத்த இப்பவே யோசி. ஊசி போடுற பத்து நாள் சொச்சம் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஸ்கேனுக்கு கூப்பிடுவாங்க, அதுவும் காலையில. குன்னூர்ல இருந்து நான் தினம் இறங்கி ஏறிப் பார்த்தேன், சீசன் டைம்ல ஒன்வே வேற போட்டு சுத்தி விட்டாங்க, ஒரு நாள் ஸ்கேன் நேரமே தவறிப்போச்சு. அப்புறம் கோயமுத்தூர்ல சித்தி வீட்டுலயே தங்கிட்டேன். கரு வச்ச அன்னைக்கு கொண்டை ஊசி வளைவுல குலுங்கி விழுந்துடும்னு ஊர்ல எல்லாரும் பயமுறுத்துவாங்க, அதெல்லாம் விழாது, படுத்தே கிடக்கறதுனால கூடுதலா நிக்கவும் நிக்காதுன்னு என் டாக்டரே சொன்னாங்க.

லேப்_அண்ணன்_ஊட்டி:
சிஸ்டர், நான் டாக்டர் இல்ல, லேப்ல பதினாலு வருசமா இருக்கேன். அந்த டிசம்பர் ரிப்போர்ட்ட எடுத்து 7.9க்கு பக்கத்துல என்ன யூனிட் போட்டிருக்குன்னு பாருங்க. ஏஎம்எச்ச ரெண்டு விதமா எழுதுவாங்க, நானோகிராம்ல ஒண்ணு, பிக்கோமோல்ல ஒண்ணு. ஒரு நானோகிராம்னா 7.14 பிக்கோமோல். உங்க 7.9 பிக்கோமோலா இருந்தா 7.14ஆல வகுங்க, 1.1 வரும். அப்படின்னா அஞ்சு மாசமா ஒண்ணுமே குறையல, அதே நம்பர் தான் வேற சட்டை போட்டு வந்திருக்கு. உண்மையிலயே நானோகிராம்ல 7.9 இருந்திருந்தா ஸ்கேன்ல 9 முட்டைப்பைக்கு பதிலா பிசிஓ (நீர்க்கட்டின்னு சொல்வாங்களே) மாதிரி ஏகப்பட்டது தெரிஞ்சிருக்கும், அதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு.

அதுக்காக 1.1 சூப்பர்னு சொல்லல, 33 வயசுக்கு கம்மி தான். 1.2க்கு கீழ இருந்தா முட்டை கொஞ்சமா வரலாம்னு ஒரு கணக்கு டாக்டருங்க வச்சிருக்காங்க. ஆனா அதே கணக்குல முட்டைப்பை 5க்கு கீழ போனா தான் கம்மி, உங்களுக்கு 9 இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும்.

எனக்கு உங்க ரிப்போர்ட்ட விட உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் தான் உறுத்துது. சாம்பிள எங்க எடுத்தாரு? வீட்டுல எடுத்து கொண்டு வந்தாரா? இங்க நிறைய பேர் கூச்சப்பட்டு வீட்டுல எடுத்து, டப்பாவ பைல வச்சு பஸ்ல கொண்டு வருவாங்க, டிசம்பர் பனியில அது சில்லுன்னு ஆகி ஒன்றரை மணி நேரம் கழிச்சு எங்க கைக்கு வரும். ஒரு மணி நேரத்துக்குள்ள வரணும், உடம்பு சூட்டுல சட்டைக்குள்ள வச்சு கொண்டு வரணும், இல்லைன்னா நீந்துற கணக்கே தப்பாயிடும். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசத்துல அவருக்கு காய்ச்சல் வந்துச்சான்னும் கேளுங்க. விந்தணு உருவாகி வெளிய வர ரெண்டரை மாசம் ஆகும், இன்னைக்கு வந்த காய்ச்சல் அடுத்த மாச ரிப்போர்ட்ல தான் தெரியும்.

கோத்தகிரி_மலர்:
அண்ணா கையெல்லாம் நடுங்குது. இப்ப தான் எடுத்துப் பார்த்தேன், டிசம்பர் பேப்பர்ல பொடி எழுத்துல பிக்கோமோல்னு தான் போட்டிருக்கு, மே பேப்பர்ல நானோகிராம். அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட ரெண்டையும் காட்டினேன், அவங்களும் கவனிக்கல. அவருக்கு நவம்பர் கடைசியில விஷக்காய்ச்சல் ஒரு வாரம் இருந்துச்சு. சாம்பிள் கட்டபெட்டுல அவங்க அக்கா வீட்டுல எடுத்து பஸ்ல ஊட்டிக்கு கொண்டு போனது தான்.

கூடலூர்_நர்ஸ்:
மலர், லேப் அண்ணன் சொன்னதுக்கு மேல கொஞ்சம். எஃப்எஸ்எச் 8.4, எஸ்ட்ராடியால் 38, ரெண்டும் பரவால்ல. எஸ்ட்ராடியால் சேத்து பார்த்தது நல்லது, அது அதிகமா இருந்தா எஃப்எஸ்எச்ச அமுக்கி நல்ல நம்பர் மாதிரி காட்டிடும். டிஎஸ்எச் 3.9 லேப் பேப்பர்ல நார்மல்னு தான் இருக்கும், ஆனா குழந்தைக்கு முயற்சி பண்றவங்களுக்கு 2.5க்குள்ள வரணும்னு நிறைய டாக்டர் விரும்புவாங்க, கேட்டுக்கோங்க. ஆமா, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? சில மிஷின்ல தைராய்டு ஹார்மோன் ரிப்போர்ட்டையே அது கோணலாக்கிடும், டெஸ்ட்டுக்கு முன்னாடி டாக்டர்ட்ட சொல்லிடணும்.

அந்த இடது டியூப். கர்ப்பப்பைய ஒட்டின இடத்துல அடைப்புன்னா அது நிஜ அடைப்பாவும் இருக்கலாம், டெஸ்ட்டுக்கு டை (சாயம்) விடும்போது வலியில அந்த இடம் சுருங்கிப் போயும் இருக்கலாம், ரெண்டும் படத்துல ஒரே மாதிரி தான் தெரியும். வலது பக்கம் ஓப்பனா இருக்குல்ல, அதனால டியூப் விசயத்த மட்டும் வச்சு ஐவிஎஃப்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, எங்க பக்கம் நாங்க எல்லாருக்கும் சொல்றது. இந்தியாவுல சிக்கிள் செல்ல (பரம்பரையா வர்ற ரத்த நோய், தலசீமியாவும் அப்படித்தான்) முதல்முதலா கண்டுபிடிச்சதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட தான். எந்த வைத்தியம் பண்ணாலும் அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சிக்கிள் செல், தலசீமியா ரெண்டுக்கும் ஹீமோகுளோபின் டெஸ்ட் ஒருக்கா எடுத்துடுங்க. ரெண்டு பேரும் கேரியரா (தனக்கு நோய் இல்லாம, குழந்தைக்கு கடத்தக்கூடியவங்களா) இருந்தா அதை முன்னாடியே தெரிஞ்சுக்கணும். ஃபோலிக் ஆசிட் ஆரம்பிச்சாச்சா?

மஞ்சூர்காரன்:
நான் ஆம்பள, இங்க எழுதலாமான்னு தெரியல. எனக்கும் முதல் கவுண்ட் 9 வந்துச்சு, அதுக்கப்புறம் ஆறு மாசம் வீட்டுல எல்லாரும் என் மனைவிய தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க, என் பேப்பர் பீரோவுலயே கிடந்துச்சு, நானும் வாயத் தெறக்கல, அந்த வெக்கம் இன்னும் இருக்கு. அந்த அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கிற 16 மில்லியன் பாஸ் மார்க் இல்ல, ஒரு வருசத்துக்குள்ள அப்பா ஆனவங்கள எடுத்து அதுல கடைசி 5 சதவீதம் எங்க நிக்குதோ அந்த கோடு. அதுக்கு கீழ இருந்தும் அப்பா ஆனவங்க இருக்காங்க. ட்ரையர் சூடும் கவுண்ட்ட குறைக்கலாம், முடிஞ்சா ரெண்டு மூணு மாசம் இலை வாட்டுற பக்கமோ தூள் சலிக்கிற பக்கமோ ஷிப்ட் மாத்தச் சொல்லிப் பாக்கட்டும். எனக்கு ரெண்டாவது டெஸ்ட்லயும் கம்மியா தான் வந்துச்சு, இக்ஸி தான் பண்ணோம், ஒரு முட்டைக்கு ஒரு விந்தணுன்னு ஊசியில வைக்கிறது.

ஆனா சிஸ்டர், ரிப்போர்ட் தப்பு ரிப்போர்ட் தப்புன்னு ஒரு வருசம் தள்ளிடாதீங்க. 1.1 நிஜம் தானே. நாலு வருசம் ஆனதும் நிஜம்.

கோத்தகிரி_மலர்:
அண்ணா எழுதினத அவருக்கே படிச்சு காட்டினேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "எப்ப போகணும்"னு மட்டும் கேட்டாரு. அடுத்த வாரம் கீழ இறங்குறோம், மூணு நாள் இடைவெளி விட்டு லேப்லயே சாம்பிள் குடுக்கச் சொல்லிட்டேன். காய்ச்சல் வந்து ஆறு மாசம் ஆச்சு அதனால இப்ப வர்ற நம்பர்ல அந்த காய்ச்சலோட பாதிப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன். பயோட்டின் சாப்பிட்டுட்டு தான் இருந்தேன் நர்ஸக்கா, எப்படி கண்டுபிடிச்சீங்க, இன்னைக்கே நிறுத்திட்டேன், தைராய்டு மறுபடி எடுக்கணும். ஃபோலிக் ஆசிட் யாரும் சொல்லவே இல்ல. டாக்டர மாத்தலாமா அதே ஆஸ்பத்திரியிலயே கேக்கலாமான்னு தெரியல, 2021ல வந்த ஐவிஎஃப் மாதிரி வைத்தியத்துக்கான சட்டத்துல ரெஜிஸ்டர் ஆன சென்டரான்னு பார்த்துட்டு வேற ஒரு இடத்துலயும் ஒரு ஒபினியன் வாங்கலாம்னு இருக்கோம். சிம்ஸ்பார்க் அக்கா, உங்க சித்தி வீடு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், தங்கினப்ப ஊசிய நீங்களே போட்டுக்கிட்டீங்களா?

சிம்ஸ்பார்க்_அக்கா:
முதல் ரெண்டு நாள் நர்ஸ் போட்டாங்க, அப்புறம் நானே தான், தொப்புளுக்கு கீழ, ஒண்ணும் பெரிசா வலிக்காது. ஊசிய ஃபிரிட்ஜ்ல வைக்கணும், கோயமுத்தூர் வெயில்ல பைல வச்சுக்கிட்டு சுத்தாத. மெசேஜ் அனுப்பு, மீதி அங்க பேசலாம்.