டவர் ஹவுஸ் கோபுரம் வெறும் அலங்காரமா?

செங்கற்சூளை: "லண்டன் மெல்பரி ரோடு டவர் ஹவுஸின் கோபுரம் சும்மா படம் காட்டத்தான், இடித்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்று நிழற்குடை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஐயா, மாடிப்படியே அந்தக் கோபுரத்துக்குள்தான் இருக்கிறது! இடித்துவிட்டு மாடிக்கு எப்படி ஏறுவீர்கள்?

நிழற்குடை: படி வைக்கக் கோபுரம் எதற்கு? மேலே கூம்புக் கூரை எதற்கு? 1870களில் கட்டிவிட்டு 13ஆம் நூற்றாண்டு வேஷம். நியோ-கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியைப் பிற்காலத்தில் திரும்பச் செய்வது) என்றாலே அலங்காரம்தான்.

செங்கற்சூளை: எதற்கா? இந்த வீட்டின் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் அதற்கு முன் வேல்ஸின் கார்டிஃபில் கட்டிய பார்க் ஹவுஸைப் பாருங்கள். வாசலில் நுழைந்ததுமே மாடிப்படியின் அடிப்பக்கம் முகத்தில் இடிக்கும். படியை நடுவீட்டில் வைத்த வினை! தனக்கென்று லண்டனில் கட்டும்போது ஏறக்குறைய அதே பிளான்தான்; படியை மட்டும் கோபுரத்துக்குள் தள்ளிவிட்டார். வெளிப்பக்கம் சாதாரணச் செங்கல், பாத் ஊர்ச் சுண்ணாம்புக்கல், பச்சை ஸ்லேட் பலகைக்கல் கூரை. அலங்காரம் பூராவும் உள்ளே: நூலகக் கணப்பின் மேல் பைபிளில் வரும் பாபேல் கோபுரச் சிற்பம், அவர் படுக்கையறைக் கணப்பில் கண்ணாடி பார்க்கும் கடல்கன்னி.

கடல்நாரை: படியை விடுங்கப்பா. 1972இல் லெட் செப்பலின் ராக் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் வாங்கியதால்தான் வீடே பிழைத்தது.

தாழம்பூ: கிதார் வாசித்தால் எல்லாப் புண்ணியமும் அவருக்கேவா? அறுபதுகளில் ஆளில்லாமல் சூறையாடப்பட்டுக் கிடந்ததை 1965இல் எடுத்துச் சீர்செய்தவர் லேடி ஜேன் டர்ன்புல். அவருக்குப் பின் நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ். பேஜ் வந்தது அதற்கப்புறம்.

கடல்நாரை: ஐம்பது வருஷமாகக் கட்டிக்காப்பது கணக்கில் வராதா? பக்கத்து வீட்டுப் பாடகர் ராபி வில்லியம்ஸ் பாதாள அறை தோண்டக் கிளம்பியபோது மல்லுக்கு நின்றது யார்?

செங்கற்சூளை: யார் காப்பாற்றினாலும் படி கோபுரத்துக்குள்தான். நிழற்குடை இன்னும் வாய் திறக்கவில்லை.

நிழற்குடை: செட்டிநாட்டு வீட்டு இழையிலும் இப்படித்தான் மற்றவர்களைப் பேசவிடாமல் அடித்தீர்கள். கூம்புக் கூரை எதற்கு என்று கேட்டதற்குப் பதில் எங்கே?

செங்கற்சூளை: அந்த இழையில் பாதியில் எழுந்து போனது நீங்கள். பர்ஜஸ் மனுஷன் 1878இல் குடிவந்து, 1881இல் அந்த வீட்டிலேயே செத்துப்போனார். மூன்று வருஷமும் ஏறி இறங்கியது அந்தச் சுழல்படியில். அதைப் போய் வேஷம் என்கிறீர்கள்!

நிழற்குடை: படிக்குக் கூரை போதும். கூம்பு எதற்கு?

செங்கற்சூளை: வட்டக் கோபுரத்துக்கு வேறு என்ன போடச் சொல்கிறீர்கள்? முதலில் படி உள்ளே இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம் கூரைக்கு வருவோம்.